கோணல் பீடத்துக் கோயில்பிள்ளை

அந்தக் கோயிலுக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் வருவது பக்தி இல்லை, சந்தேகம். வாசலில் நின்று நேராகப் பார்த்தால் பீடத்தின் வலது பாதி மட்டும்தான் தெரியும். இடது பாதி, வேலை சொல்லப்போகிறார்கள் என்று மோப்பம் பிடித்துவிட்ட பிள்ளை மாதிரி, பெரிய வளைவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். இரண்டு பக்கமும் தூண்கள் வரிசை பிடித்து நிற்க, நடுக்கூடம் என்னவோ நேராகத்தான் போகிறது. வளைவைத் தாண்டியதும் அதற்கு என்ன தோன்றியதோ, பீடம் இருக்கிற பகுதி மட்டும் இடப்பக்கமாக ஒடித்துக்கொண்டுவிட்டது. பீடத்தை முழுசாகப் பார்க்க வேண்டும் என்றால் தலையைக் கொஞ்சம் சாய்க்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் ஜெபம் செய்வார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

இந்தக் கோணலை வைத்துப் பிழைத்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் கோயில்பிள்ளை.

கோயில்பிள்ளை என்பது பெயர் இல்லை, வேலை. கதவைத் திறப்பது, பெருக்குவது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, மணி அடிப்பது, பெஞ்சுக்கு அடியில் மறந்துவிட்டுப் போன குடைகளைச் சேர்த்து வைப்பது, பூசைக்குத் திராட்சரசம் எடுத்து வைப்பது, எடுத்து வைக்கும்போது கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று ஒரு வாய் பார்ப்பது. கடைசியில் சொன்னதை யாரும் அவரிடம் ஒப்படைக்கவில்லை. யாரும் ஒப்படைக்காத இன்னொரு வேலையையும் அவர் தாமாகவே எடுத்துக்கொண்டிருந்தார். வருகிறவர்களுக்குக் கோயிலைச் சுற்றிக் காட்டி அதன் சரித்திரத்தைச் சொல்வது.

அதை நன்றாகவே செய்தார், அதில் குறை சொல்ல முடியாது. சுவரைத் தட்டிக் காட்டுவார். ஒரு ஆள் குறுக்கே படுத்தாலும் இடம் மிஞ்சுகிற அகலம், உள்ளே கல்லும் சுண்ணாம்பும்தான், ஒரு துளி சிமெண்ட் கிடையாது என்பார். வெளியே கூட்டிப்போய், சுவரைத் தோளால் தாங்குகிற முட்டுச்சுவர்களைக் காட்டி, "இவங்கதான் உண்மையான உழைப்பாளிங்க, மழையில நின்னுக்கிட்டே இருக்காங்க. உள்ள இருக்கற தூணுக்குத்தான் பேரெல்லாம்" என்பார். மறுபடி உள்ளே வந்து மரக்கூரையை அண்ணாந்து பார்க்கச் சொல்வார். கவிழ்த்துப் போட்ட படகு மாதிரியே இருக்கும். மேற்கே, பூ மாதிரி வண்ணக் கண்ணாடி இதழ்கள் பதித்த வட்டச்சன்னல். அதன் இதழ்களில் ஒன்று ஏதோ ஒரு புயலில் உடைந்து, நீலத்துக்குப் பதிலாக வெறும் கண்ணாடி போட்டிருந்தார்கள். சாயங்கால ஜெபத்தில் அந்தக் கண்ணாடி வழியாக வருகிற வெள்ளை வெளிச்சம் எப்போதும் ஒரே பெஞ்சில்தான் விழும். அங்கே உட்கார்ந்தால் தூங்க முடியாது. அதனால் அந்த பெஞ்ச் எப்போதும் காலி.

இவ்வளவும் உண்மை. உண்மையில் ஒரு சங்கடம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ரொம்ப வருஷத்துக்கு முன்னால், அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வெளியூர்க் கூட்டம் வந்திருந்தது. முட்டுச்சுவரிலேயே பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். மீதிப் பேரில் ஒருவர் வாயைத் திறந்து கொட்டாவி விட்டார். கோயில்பிள்ளையின் மனசு சுருங்கிவிட்டது. பீடத்துக்கு முன்னால் வந்ததும் ஒருவர் கேட்டார், "இது ஏங்க இப்படிக் கோணலா இருக்கு?"

கோயில்பிள்ளைக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வேறு வழியில் போய்விட்டது.

"அது ஒரு பெரிய கதை. இதைக் கட்டின கொத்தனாருக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. பூசைக்குன்னு சாமியார் வெச்சிருந்த ரசத்தை ஒரு பீப்பாய் காலி பண்ணிட்டாரு. மறுநாள் சுவர் எடுக்க வந்தா, நேர் பாக்கறதுக்குக் கட்டியிருந்தது ஒரு நூல். அவர் கண்ணுக்குத் தெரிஞ்சது ரெண்டு நூல். பாவம், ரெண்டாவது நூலைப் புடிச்சுக் கட்டிட்டாரு."

சிரிப்பு கிளம்பியது. அந்தப் படகுக்கூரை எந்தச் சத்தத்தையும் சும்மா விடாது. வாங்கி, பெருக்கி, திருப்பிக் கொடுக்கும். மணிக்கயிற்றை இழுப்பதே வேலை என்றிருந்த ஒரு மனுஷனுக்கு முதல் முறையாகக் கைதட்டல் மாதிரி ஒன்று காதில் விழுந்தது. கொட்டாவிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் இரண்டாவது நூல் இல்லாமல் கோயில்பிள்ளை யாரையும் வாசல் தாண்டி அனுப்பியதில்லை.

பீப்பாய்க் கதை எப்படி அத்தனை சட்டென்று வந்தது என்று அவரே பிற்பாடு யோசித்திருக்கிறார். அடுத்தவர்மேல் பழி போடும்போது மனுஷன் தூரமாகப் போய்த் தேடுவதில்லை. கைக்கு எட்டுகிற தன் பாவத்தையே எடுத்துப் போட்டுவிடுகிறான்.

கதை வெளியூர்க்காரர்களோடு போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஊர்க்காரர்களும் கேட்டார்கள். கோயிலுக்கு எதிரிலேயே அந்தக் கொத்தனாரின் வாரிசுகள் இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொத்தனார் வீடு என்று சொல்லப்பட்ட வீடு, இரண்டு மூன்று வருஷத்தில் கோணல் வீடு ஆகிவிட்டது. இப்போது அங்கே இருப்பது தையல்காரம்மா. கொத்தனாரின் பேத்திக்குப் பேத்தியோ என்னவோ. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன், குடும்பத் தொழில் கையோடு பிறந்தவன், கொத்துக்கரண்டி பிடித்தான். அவனுக்கு உள்ளூரில் ஒரு திண்டு கட்டக்கூட வேலை கிடைக்கவில்லை.

"உன்னைக் கூப்பிட்டா என் வீட்டுக் கதவு பக்கத்து வீட்ல போய்த் திறக்கும்டா" என்று ஒருவர் சொன்னார். ஊரே சிரித்தது. அந்த வரி கோயில்பிள்ளையுடையது இல்லை. அதற்கு விதை போட்டது மட்டும்தான் அவர்.

பையன் வெளியூருக்குப் போய்விட்டான். பஸ் ஏறப் போகிற காலையில் கோயில் வாசலில் நின்று, "அம்மாவைப் பாத்துக்குங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான். உறவு இல்லாவிட்டாலும் தையல்காரம்மா கோயில்பிள்ளையை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள், அதனால் அவனுக்கு மாமா. மாமா தலையை ஆட்டினார். அந்தக் கோயிலில் எல்லோரும் ஆட்டுகிற மாதிரிச் சாய்த்து.

இதுவரைக்கும் ஒரு வாய்த்துடுக்கு என்று தள்ளிவிடலாம். தள்ள முடியாத பகுதி இனிமேல்தான்.

பையன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் பீடத்துக்குப் பின்னால் தரையில் ஒரு கல் ஆட்டம் கண்டது. அப்போதிருந்த பங்குச்சாமியாருக்குக் கண் பார்வை மங்கிப்போயிருந்தது. வெளியூரிலிருந்து ஒரு வேலையாளை வரவழைத்துக் கல்லைப் பெயர்த்தார்கள். உள்ளே விளக்கைப் பிடித்துக் குனிந்து பார்த்தவர் கோயில்பிள்ளை. கீழே தண்ணீர் பளபளத்தது. பழைய ஊற்று. அந்த ஊற்றின் மேல் சுவர் எடுத்திருந்தால் முதல் மழைக்கே பீடம் உள்ளே இறங்கியிருக்கும். கொத்தனார் ஊற்றுக்கு மேலே சின்னச் செங்கல்லால் ஒரு வளைவு கட்டியிருந்தார். பாரம் தாங்குகிற பெரிய சுவரை மட்டும், இடப்பக்கம் இருந்த பாறையைத் தேடிப்போய் அதன் தலையில் உட்கார வைத்திருந்தார். பீடம் கோணியது அதனால்தான். நேராகக் கட்டியிருந்தால் இன்றைக்குக் கோயிலே இருந்திருக்காது. வளைவின் நடுக்கல்லில், கொத்தனார்கள் சுவரின் நேர் பார்க்கிற தூக்குக்குண்டு ஒன்று கை அகலத்துக்குச் செதுக்கியிருந்தது, நூலோடு. ஒரே நூல்.

"என்னப்பா இருக்கு உள்ள?" என்று கேட்டார் சாமியார்.

"ஒண்ணுமில்ல சாமி, ஈரம்."

"அப்ப மூடிடு."

மூடிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் வந்தது. பீடத்தின் முன்னால் நின்றபோது கோயில்பிள்ளைக்கு ஊற்றும் பாறையும் ஞாபகம் வந்தன. கூடவே, ஊற்றைப் பற்றிச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பதும். அன்றைக்குப் பீப்பாய் ஒன்று இரண்டாகியது.

அந்த சாமியார் மாற்றலாகிப் போனார், வேறொருவர் வந்தார், அவரும் போனார். கல்லுக்கு அடியில் இருப்பது கோயில்பிள்ளைக்கு மட்டும் தெரிந்த விஷயமாகிவிட்டது. மனசுக்குள் கிடக்கிற ஒரு விஷயம் எப்போதாவது புரண்டு படுக்கும். தையல்காரம்மா பீடத்துணிகளை வெளுத்து, விளிம்பு தைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் புரண்டது. அவர் அதைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். துணியை வாங்கும்போது அந்தம்மா முகத்தைப் பார்க்காமல் துணியின் விளிம்பைப் பார்த்து, "நல்லா வந்திருக்கு, தங்கச்சி" என்பார்.

அப்படியே காலம் தள்ளியிருப்பார். கோயிலுக்கு நூற்றைம்பது வயசாகாமல் இருந்திருந்தால்.

கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிற பங்குப்பேரவையின் செயலாளர் ஒரு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். 'பொருள்: கூரை ஒழுகுதல் தொடர்பாக' என்று ஆரம்பிக்காமல் அவரால் கூரை ஒழுகுவதைக்கூடப் பேச முடியாது. நூற்றைம்பதாவது ஆண்டுக்கு வளைவுக்குப் பக்கத்தில் ஒரு சரித்திரக் கல் பதிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். கோயில்பிள்ளையைப் பிடித்துக் கதையைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

"செவிவழி வரலாறு, கோயில்பிள்ளை. இதெல்லாம் அழிஞ்சு போகக்கூடாது."

"அழிஞ்சு போனாலும் பரவாயில்லைங்க" என்றார் கோயில்பிள்ளை.

"பாத்தீங்களா, உங்க தன்னடக்கம்."

கடைசியில் அவர் கல்தச்சனுக்குக் கொடுத்த வாசகம் இது: 'இப்பீடத்தின் கோணல், மதுமயக்கத்தில் இரண்டாவது நூலைப் பற்றிச் சுவரெழுப்பிய கொத்தனாரின் கைவண்ணம் என்பது மரபு.'

வாயால் சொன்னது காற்றோடு போய்விடும் என்று கோயில்பிள்ளை இத்தனை நாள் தன்னையே ஏமாற்றி வைத்திருந்தார். கல் காற்றோடு போகாது. தையல்காரம்மா வாரம் தவறாமல் பீடத்துணியோடு அந்தக் கல்லைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் மகன் என்றைக்காவது ஊருக்கு வந்தால் அவனும்.

வீட்டில் மனைவி கவனித்துவிட்டாள்.

"என்னங்க, ஒரு வாரமா குழம்புல உப்பு இல்லைன்னு சொல்லவே இல்லை?"

"சரியாத்தானே இருக்கு."

"நேத்து நான் உப்பே போடலை. வேணும்னுதான் போடலை. எங்கயாவது வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப ஏதோ பண்ணிட்டு வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள். மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. அவள் கேட்காததும் அவருக்கு ஒரு குறையாகவே இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் போய் மண்டியிட்டார். அந்தக் கூண்டுக்கு வார்னீஷ் அடித்ததே அவர்தான். எந்தப் பலகை கிறீச்சிடும் என்று தெரியும். வலைக்கு அந்தப் பக்கம் இப்போதைய பங்குச்சாமியார். நடுவயசுக்காரர், எதற்கும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறவர்.

"பொண்டாட்டிமேல கோபப்பட்டேன், சாமி. பூசை ரசம் ஒரு வாய் குடிச்சேன்."

"ஒரு வாய்தானா?"

"எனக்கு வாய் கொஞ்சம் பெரிசு, சாமி."

"ம். அப்புறம்?"

அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினார். கொட்டாவி, பீப்பாய், ஊற்று, பாறை, தூக்குக்குண்டு, பையன் ஏறிப்போன பஸ். அந்தப் பக்கத்திலிருந்து மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற சத்தம் மட்டும்.

"அந்த அம்மாகிட்ட போய் நீங்களே சொல்லணும். கல்லு வெக்கறதுக்கு முன்னாடி."

"ஆகட்டும், சாமி."

தினமும் நடங்கள் என்று வைத்தியர் சொன்னால் எப்படி ஆகட்டும் என்போமோ, அப்படியொரு ஆகட்டும். ஆனால் வெளியே வரும்போது தோள் இரண்டும் லேசாக இருந்தன. அவர் கணக்கு இதுதான்: சாமியாருக்குத் தெரிந்துவிட்டது. பேரவைக்கு அவர்தான் தலைவர். கல்லை அவர் பார்த்துக்கொள்வார். தையல்காரம்மாவுக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை, ஊருக்கும் தெரிய வேண்டியதில்லை, பாவமும் கழுவப்பட்டது.

இவ்வளவு வருஷம் அந்தக் கூண்டைத் துடைத்தவருக்கு அது எதற்கு இருக்கிறது என்பது மறந்துவிட்டது. கூண்டில் கேட்டதை சாமியார் தலைபோனாலும் வெளியே சொல்ல முடியாது. சைகையாலும் காட்ட முடியாது. கல்லைத் தடுத்து நிறுத்தக்கூடிய ஒரே மனுஷனைத் தேடிப் பிடித்து, அவர் வாயில் கோயில்பிள்ளை தம் கையாலேயே பூட்டுப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் செயலாளர் வாசகத்தைப் படித்தார். நாற்காலி எடுத்துப் போடுகிற சாக்கில் கோயில்பிள்ளை ஓரமாக நின்றிருந்தார்.

"சாமி, உங்க அபிப்பிராயம்?"

சாமியார் வாயைத் திறந்தார். மூடினார். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மூக்குக்கண்ணாடி கழன்றது, துடைபட்டது, மாட்டப்பட்டது.

"எழுத்து... கொஞ்சம் சின்னதா இருக்கலாமோ?"

"குறித்துக்கொள்கிறேன்" என்றார் செயலாளர், எழுத்து வழக்கிலேயே.

 கூட்டம் கலைந்ததும் கோயில்பிள்ளை சாமியாரின் பின்னாலேயே உடைமாற்றும் அறைக்குள் போனார்.

"சாமி, அன்னிக்கு நான் சொன்னேனே..."

"என்னிக்கு?"

"சனிக்கிழமை. கூண்டுல."

"கூண்டுல யார் யாரோ வர்றாங்க. அங்க இருக்கற காது வேற, இங்க இருக்கற காது வேற."

"அப்ப அந்தக் கல்லு?"

சாமியாரின் முகம் சிவந்துவிட்டது. ஒரு நிமிஷம் இந்த மனுஷனை ஓங்கி ஒன்று வைத்தால் என்ன என்று யோசிக்கிறவர் மாதிரி இருந்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. ஏதாவது இருந்தா இங்க வெச்சு முதல்லேருந்து சொல்லுங்க. புதுசாக் கேக்கறேன். செயலாளர் வாசல்லதான் இருக்காரு, அவரையும் கூப்பிடறேன். உங்க வாயால ஒரு தடவை. அவ்வளவுதான்."

கோயில்பிள்ளை நாற்காலியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"மணி அடிக்க நேரமாச்சு, சாமி."

நேரம் ஆகவில்லை. இன்னும் நிறையவே இருந்தது. இருந்தாலும் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அன்றைக்கு ஊரில் பல வீடுகளில் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்தார்கள். கோயில் மணி தப்பாக அடிக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் சொன்னது தப்பாக இருக்கும் என்று எப்போதுமே அந்த ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை, அதுதான் கஷ்டம்.

இரண்டு நாள் கழித்துப் பீடத்துணி வாங்கத் தையல்காரம்மா வீட்டுக்குப் போனார். முன்னறைதான் கடை. சன்னலோரம் மெஷின், அதற்குப் பக்கத்தில் சாக்குக்கட்டியும் கத்தரிக்கோலும், சுவரில் மகனுடைய படம். மெஷினிலிருந்து ஒரு சிவப்புத் துணி தரை வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது.

"வாங்கண்ணே. இந்த நுனியைக் கொஞ்சம் புடிங்க, தரையில படுது."

பிடித்தார். "என்ன இது, தங்கச்சி?"

"கல்லுக்குத் திரை. செயலாளர் கொண்டுவந்து கொடுத்தாரு. எங்க பெரியவரு கல்லுல வர்றாராமே."

"ம்."

"பேரு போடலையாம். கொத்தனார்னு மட்டும் போட்டிருக்காம். குடிச்சதும் வருதாம்." மெஷினை நிறுத்தி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அண்ணே, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீங்க கோயில்லயே கிடக்கறவரு. நெசமாவே அவரு குடிச்சிட்டுத்தான் கட்டினாரா?"

இதைவிட நல்ல இடம் அமையாது. அறையில் வேறு யாரும் இல்லை. சொல்ல வேண்டியதும் ஒரே ஒரு வார்த்தைதான்.

"அப்படித்தான் சொல்றாங்க, தங்கச்சி."

"யாரு?"

சிவப்புத் துணியின் நுனி கையில் நனைய ஆரம்பித்தது.

"எல்லாரும்."

அவள் தலையாட்டினாள். மெஷினில் மறுபடி கால் வைத்தாள். "எல்லாரும் சொன்னா சரியாத்தான் இருக்கும். எங்க வீட்ல அப்படி ஒரு பேச்சு நடந்ததே இல்ல. எங்கப்பா அவரைப் பத்தி எவ்வளவோ சொல்லியிருக்காரு, இதை மட்டும் சொன்னதில்ல. வெக்கப்பட்டு மறைச்சிருக்காரு போல. பாவம். எங்கிட்ட சொல்லியிருக்கலாம், நான் என்ன பண்ணப்போறேன்."

பீடத்துணிகளை எடுத்துக் கொடுத்தாள். மேலே ஒரு சட்டையும் இருந்தது. கோயில்பிள்ளையுடையது.

"அண்ணிதான் கொடுத்துட்டுப் போனாங்க. காலர் நைஞ்சு போயிருந்தது, திருப்பித் தெச்சிருக்கேன். புதுசு மாதிரி ஆயிடுச்சு. அந்த நாளைக்கு இதையே போட்டுக்கிட்டு வாங்க. நீங்கதானே கதை சொல்லணும்."

தன்னை ஒருத்தன் அவமானப்படுத்தியது போதாதென்று, செத்துப்போன அப்பாவையும் அவள் பொய்யராக்கிக் கொண்டாள், இவருடைய ஒரே வார்த்தையை நம்பி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கோயில்பிள்ளைக்கு அதுதான். சட்டையைப் போட்டுப் பார்த்தார். காலர் கழுத்தில் கச்சிதமாகத்தான் உட்கார்ந்தது. ஆனாலும் இறுக்கியது.

அந்த ஞாயிறு வந்தது. பூசை முடிந்து ஊரே வளைவுக்கு முன்னால் நின்றது. சிவப்புத் திரை சுவரில் தொங்கியது. திரையின் கயிற்றை இழுக்க வாரிசு என்ற முறையில் தையல்காரம்மாவையே நிறுத்தியிருந்தார் செயலாளர். அதை அவர் ஒரு பெரிய மனசு என்று நினைத்திருந்தார். அவள் நல்ல சேலை ஒன்று கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் சிரிக்கப்போகிறார்கள் என்று தெரிந்த முகத்தோடு, அதற்கு முன்னாலேயே கொஞ்சம் சிரித்தபடி நின்றாள்.

"திரை விலகும் முன், வரலாற்றை நம்ம கோயில்பிள்ளை வாயாலேயே கேட்போம்" என்றார் செயலாளர்.

கோயில்பிள்ளை முன்னால் வந்தார். சுவர் அகலத்தைச் சொன்னார். முட்டுச்சுவரைச் சொன்னார். கூரையைச் சொன்னார். "இதைக் கட்டின கொத்தனாருக்கு" என்று ஆரம்பித்ததுமே முன்வரிசை உதட்டைக் கடித்துச் சிரிப்பைத் தயார் செய்துகொண்டது. சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அந்தம்மாவின் விரல் கயிற்றில் ஒரு சுற்று கூடச் சுற்றிக்கொண்டது. அதைத்தான் அவர் பார்த்தார்.

பேச்சு நின்றது. எல்லோரும் அதையும் கதையின் ஒரு பகுதி என்றே நினைத்தார்கள். அவர் திரும்பிப் பீடத்துக்குப் பின்னால் போனார். கதவுக்கு முட்டுக்கொடுக்கிற கடப்பாரை அங்கேதான் இருக்கும். அதை எடுத்துத் தரைக்கல்லின் இடுக்கில் விட்டு நெம்பினார். அந்த வயசில் அது தனி ஆளுக்கு ஆகிற வேலை இல்லை. சாமியார்தான் உடுப்போடு ஓடிவந்து முதல் கை கொடுத்தார். அவர் நெம்பிய வேகத்தைப் பார்த்தால் எத்தனை நாளாகக் காத்திருந்தாரோ என்று தோன்றும்.

கல் நகர்ந்தது. ஈரமும் குளிர்ச்சியும் மேலே வந்தன.

"குடிக்கலை" என்றார் கோயில்பிள்ளை. குரல் வெளியே வரவில்லை. படகுக்கூரைதான் அதை எடுத்து எல்லோருக்கும் கேட்க வைத்தது. "அவரு குடிக்கலை. கீழ ஊத்து இருக்கு. அதுக்காகத்தான் பாறைமேல திருப்பிக் கட்டினாரு. குடிச்சாருன்னு சொன்னது நான். நானா சொன்னது. அப்புறம் இதைப் பாத்தேன். பாத்துட்டும் சொன்னேன்."

ஒருவர் இருவர் சிரித்தார்கள். கதைக்குப் புது முடிவு சேர்த்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். பிறகு ஆளுக்கு ஆள் வந்து குனிந்து பார்த்தார்கள், சிரிப்பு அடங்கியது.

தையல்காரம்மா கடைசியில் வந்தாள். சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தாள். நடுக்கல்லில் இருந்த தூக்குக்குண்டைப் பார்த்தாளா, தண்ணீரைப் பார்த்தாளா, தெரியவில்லை. நிமிர்ந்தபோது அழவில்லை.

"எப்பலேருந்து தெரியும்?"

"உம் பையன் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தப்பவே."

"அவன் ஊரை விட்டுப் போறப்ப உங்ககிட்டதானே சொல்லிட்டுப் போனான்."

கோயில்பிள்ளை கடப்பாரையைச் சுவரோரம் சாத்தி வைத்தார்.

"அன்னிக்கு நான் வீட்ல வெச்சுக் கேட்டேனே. அப்பவும் தெரியும்."

"தெரியும்."

"எங்கப்பாவைப் பொய்யருன்னு நெனச்சேன், அண்ணே."

அவள் திரும்பி நடந்தாள். போய்க் கயிற்றை இழுக்காமல், திரையைக் கொக்கியோடு கழற்றி எடுத்தாள். நல்ல துணி, வேறு எதற்காவது ஆகும் என்று மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பின்னால் கல் அதன் முழு வாசகத்தோடும் ஊரைப் பார்த்து நின்றது. எழுத்து உண்மையிலேயே சின்னதாகத்தான் இருந்தது.

"பொருள்: கல்" என்று தொடங்கினார் செயலாளர். பிறகு கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் உடைமாற்றும் அறையில் சாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தார். கோயில்பிள்ளை வந்து நின்றார். "சாமி, உங்களை ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேன்."

"என்ன கஷ்டம்? இந்த விஷயத்தை நான் இன்னிக்குத்தான் முதல் தடவையாக் கேள்விப்படறேன்" என்றார் சாமியார். வருஷக்கணக்காகச் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

கல் வீணாகவில்லை. பின்பக்கம் வழவழப்பாக இருந்ததால் கவிழ்த்துப் போட்டு மணிக்கூண்டுக்குப் படியாக்கிவிட்டார்கள். மணி அடிக்கப் போகிறபோதெல்லாம் கோயில்பிள்ளை அந்தப் படியை மட்டும் மிதிக்காமல் ஒரே எட்டாகத் தாண்டுகிறார். முட்டி போய்விடும் என்று மனைவி திட்டுகிறாள். அவள் கையால் இப்போது உப்பு சரியாகத்தான் விழுகிறது.

பையன் ஒருமுறை வந்தான். ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கி, பாறைமேல் நிற்கிற சுவரில் வைத்துப் பார்த்தான். "நேரா இருக்கும்மா" என்று மட்டும் சொன்னான். ஏறி வரும்போது கோயில்பிள்ளை கை நீட்டினார். அவன் அந்தக் கையைப் பிடிக்காமல் பக்கத்துச் சுவரைப் பிடித்து ஏறினான். மாமா என்று கூப்பிடவில்லை. மறுநாள் பஸ்ஸில் போய்விட்டான். அவனுக்கு அங்கே வேலை நன்றாகவே நடக்கிறது. இனிமேல் இங்கே வந்து அவன் யாருக்குத் திண்டு கட்ட வேண்டும்?

தையல்காரம்மா இப்போதும் பீடத்துணி தைத்துத்தான் கொடுக்கிறாள். அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். சட்டை மட்டும் தைப்பதில்லை.

ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், மெஷினை நிறுத்திவிட்டுத் தெருவைத் தாண்டி வந்து, கடைசித் தூணில் சாய்ந்துகொண்டு கையைக் கட்டி நிற்கிறாள். கோயில்பிள்ளை ஊற்றைச் சொல்கிறார், பாறையைச் சொல்கிறார், கொத்தனாரின் புத்தியைச் சொல்கிறார். சொல்லி முடித்து, "அவ்வளவுதாங்க" என்று கை கூப்பினால் தூணிலிருந்து குரல் வரும்.

"அப்புறம்?"

அப்புறம் அவர் மீதியையும் சொல்லியாக வேண்டும். இவ்வளவு வருஷம் அந்த மனுஷனைக் குடிகாரன் என்று சொல்லித் திரிந்தது யார் என்பதை. சொல்லி முடிகிறவரைக்கும் அவள் போவதில்லை.

ஆரம்பத்தில் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. இரண்டு வாக்கியத்தில் முணுமுணுத்து முடித்தார். போன மாசம் ஒரு கூட்டம் வந்தபோது, பீப்பாய் காலி செய்தது உண்மையில் யார் என்று தன்னையே சுட்டிக் காட்டினார். கூட்டம் சிரித்தது. கூரை வாங்கி, பெருக்கி, திருப்பிக் கொடுத்தது. அதற்கடுத்த முறை அந்த இடம் வருவதற்கு முன்னால் அவர் ஒரு விநாடி நிறுத்தினார். சிரிப்பு இன்னும் கொஞ்சம் நன்றாக வந்தது.

வந்த பிறகுதான் உறைத்தது. தூண் பக்கம் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கட்டிய கையை அவிழ்க்கவும் இல்லை.

"அப்புறம்?" என்றாள்.